எட்டு மாத வேலையை நான்கு மாதத்தில் முடிக்கச் சொன்னால் குழுவை எப்படி மனசார இறங்க வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். நீங்கள் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் பதினான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. புதிய பாகம் ஒன்றுக்கு லைன் போட்டு, சாம்பிள் கொடுத்து, கஸ்டமர் ஒப்புதல் வாங்கி, உற்பத்தியைத் தொடங்க வழக்கமாக எட்டு மாதம் ஆகும். இந்த முறை நிர்வாகம் நான்கு மாதம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் அதை மீட்டிங்கில் சொன்னபோது சீனியர்கள் இரண்டு பேர் "முடியாது சார்" என்றார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவர்களை எப்படி மோட்டிவேட் செய்வது, வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைக்கலாமா, போனஸ் அறிவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே பாதி நம்பிக்கைதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தானே பாதி நம்புகிற ஒரு இலக்குக்கு மற்றவர்களை முழு மனதோடு எப்படி இறங்க வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மெஷின் ஷாப்பில் ஆரம்பித்தவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி புதிய பாகங்களை உற்பத்திக்குக் கொண்டுவரும் பிரிவில்தான் போனது. அதனால் சொல்வதில் ஷாப் ஃப்ளோர் வாசனை தூக்கலாக இருக்கும். சாஃப்ட்வேர் வேலைக்கோ கட்டட வேலைக்கோ இதெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

பேச்சாளர் வேண்டாம். அவர் நன்றாகவே பேசுவார், கைதட்டலும் கிடைக்கும். மறுநாள் முதல் ஷிப்டில் ஃபிக்சர் (பாகத்தை மெஷினில் அசையாமல் பிடிக்கும் அமைப்பு) டிராயிங் இன்னும் வரவில்லை என்றால் அந்தச் சூடு அங்கேயே ஆறிவிடும். அதைவிட மோசம், வேலையின் கஷ்டம் தெரியாததால்தான் பேச்சு ஏற்பாடு செய்கிறார்கள் என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுவார்கள். நான் பார்த்தவரை ஒரு குழு ஒதுங்கி நிற்பதற்குச் சோம்பலோ அக்கறையின்மையோ காரணமாக இருப்பது அபூர்வம். இலக்கு வரைக்கும் போகிற வழி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, போய்ச் சேராவிட்டால் பழி யார் தலையில் விழும் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்த நிலையில் தலையாட்டிவிட்டு நகர்வதுதான் யாருக்கும் புத்திசாலித்தனமான காரியம். நீங்கள் மாற்ற வேண்டியது இந்த இரண்டைத்தான், அவர்களுடைய உணர்ச்சியை இல்லை.

முதலில் அந்த "முடியாது"வைப் பிரித்துப் பாருங்கள். அது மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று, நிஜமாகவே கை வைக்க முடியாத நேரம்: புது மெஷின் ஆர்டர் போட்டால் வந்து சேர இத்தனை வாரம், கஸ்டமர் பக்கத்தில் சாம்பிளை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு இத்தனை மணி நேரம், அதை யாரும் மந்திரம் போட்டுக் குறைக்க முடியாது. இரண்டாவது, "இப்ப கையில இருக்கிற வேலையோட சேர்த்து முடியாது" என்பது. மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: போன தடவை ராத்திரி பகலாகச் செய்தோம், கடைசியில் ஒரு ரிஜெக்ஷனுக்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினோம், இனிமேல் ஏன்? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டால் மூன்றும் ஒரே "முடியாது சார்" ஆகத்தான் வெளியே வரும். அந்த இரண்டு சீனியர்களோடும் தனித்தனியாக, அவர்கள் மெஷின் பக்கத்திலேயே நின்று, "எது முடியாது, எங்க இடிக்கும்னு காட்டுங்க" என்று கேளுங்கள். எதிர்த்துப் பேசியவர்கள்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிற நல்ல ஆட்கள், ஏனென்றால் அவர்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். தலையாட்டியவர்கள் இன்னும் போடவில்லை.

அடுத்தது, ஏன் நான்கு மாதம்? இதற்கு நேரான பதில் உங்களிடம் இருக்கிறதா? இங்கே ஆராய்ச்சி நல்ல உறுதியாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எட்வின் லாக், கேரி லேத்தம் இருவரும் பல வருடமாக இலக்கு நிர்ணயத்தை ஆராய்ந்தவர்கள். தெளிவான, கடினமான இலக்கு கொடுத்தால் "முடிந்தவரை செய்யுங்கள்" என்று சொல்வதைவிட வேலை நன்றாக நடக்கிறது என்பதுதான் அவர்களுடைய அடிப்படை முடிவு, ஆனால் அதற்கு ஆட்கள் அந்த இலக்கை மனதார ஏற்றிருக்க வேண்டும். எப்படி ஏற்க வைப்பது என்பதில் ஒரு சண்டை இருந்தது. இலக்கை ஆட்களோடு சேர்ந்து முடிவு செய்தாலும் மேலிருந்து கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது லேத்தம் தரப்பு. இஸ்ரேலில் மிரியம் எரேஸ் செய்த சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. இரண்டு பேரும் லாக்கை நடுவராக வைத்துக்கொண்டு, சேர்ந்தே சோதனைகளை வடிவமைத்து 1988இல் வெளியிட்டார்கள் (ஆராய்ச்சி உலகில் இது அடிக்கடி நடக்காத நல்ல காரியம்). விடை எளிமையாக இருந்தது. லேத்தம் இலக்கைக் கொடுக்கும்போது காரணத்தை விளக்கி, உங்களால் முடியும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். எரேஸின் சோதனையில் "இதைச் செய்" என்று வெட்டென்று சொல்லியிருந்தார்கள். காரணம் சொல்லிக் கொடுத்த இலக்கு, சேர்ந்து முடிவு செய்த இலக்குக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வேலை செய்தது. ஆகவே, கெடுவை நீங்கள் நிர்ணயிக்கவில்லை, உங்கள் குழுவும் நிர்ணயிக்கவில்லை என்பது அவ்வளவு பெரிய குறை இல்லை. காரணம் சொல்லாமல் இறக்கி வைத்ததுதான் குறை.

காரணம் என்றால் "மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க" என்பது காரணம் ஆகாது. கஸ்டமரின் புது வண்டி எந்த மாதம் சந்தைக்கு வருகிறது, நம்முடைய பாகம் அதில் எங்கே உட்காருகிறது, நாம் தவறவிட்டால் ஆர்டர் எந்தத் திசையில் போகும், கிடைத்தால் எந்த லைனுக்கு எத்தனை வருட வேலை, இதையெல்லாம் பெயரும் தேதியுமாகச் சொல்லுங்கள். மேலே விசாரித்துப் பார்த்து, நான்கு மாதம் என்பது யாரோ பாதுகாப்புக்காகப் போட்ட எண், நிஜக் கெடு ஐந்தரை மாதம் என்று தெரியவந்தால் அதையும் மறைக்காதீர்கள். பொய்க்கெடு என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பு இருக்காது. மங்கள்யான் குழுவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பூமியிலிருந்து செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் கிளம்பத் தோதான நேரம் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. 2013இல் அந்த ஜன்னல் அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரை. தவறினால் 2016. கோள்கள் போட்ட தேதியோடு யாரும் பேரம் பேச முடியாது. உங்கள் தேதிக்கு அவ்வளவு பலம் இருக்காது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் நிஜத்தைக் காட்டினால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

மங்கள்யானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாகப் பயிற்சிகளில் அதை எடுத்துச் சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள். 2012 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவல், 15 மாதம், 450 கோடி ரூபாய் என்பது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. ஆனால் செவ்வாய்க்குப் போக முடியுமா என்ற ஆய்வு 2010லேயே தொடங்கிவிட்டது. அதைவிட முக்கியம், எதையெல்லாம் அவர்கள் புதிதாகச் செய்யவில்லை என்பது. ராக்கெட், அதுவரை பலமுறை வெற்றிகரமாகப் பறந்த பிஎஸ்எல்வி. விண்கலத்தின் அடிப்படை அமைப்பு சந்திரயான்-1 வழிவந்தது. கருவிகள் ஐந்தே ஐந்து, எல்லாம் சேர்த்துச் சுமார் 15 கிலோ. பிஎஸ்எல்வியின் சக்தி அளவானது என்பதால் பூமியைப் பலமுறை சுற்றிச் சுற்றி உயரத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அதற்கும் சம்மதித்தார்கள். செவ்வாயைச் சுற்றிய பாதையும் ஒரு பக்கம் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மறுபக்கம் எழுபத்தையாயிரத்துக்கு மேல் என்று நீண்ட நீள்வட்டம். இத்தனையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, உண்மையிலேயே புதிதாக இருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் முழுப் பலத்தையும் இறக்கினார்கள். ஏறத்தாழ முந்நூறு நாள் விண்வெளியில் சும்மா கிடந்த என்ஜின் திரும்பப் பற்றுமா என்பது ஒன்று. செய்தி போய்ச் சேரவே 12 நிமிடம் ஆகும் தூரத்தில் விண்கலம் தானாக முடிவெடுத்து நடக்குமா என்பது மற்றொன்று. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த என்ஜினைச் சுமார் நான்கு விநாடி மட்டும் எரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். புதிய விஷயத்துக்கு மட்டும் அவ்வளவு கவனம்.

உங்கள் வேலைக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். கெடுவைப் பாதியாக்கிவிட்டு, வேலையின் அளவை அப்படியே வைத்திருந்தால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. புதுசாக ஃபிக்சர் டிசைன் செய்ய வேண்டுமா, பழைய பாகத்தின் ஃபிக்சர் தட்டில், பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டரை மட்டும் மாற்றினால் போதுமா? முதல் சாம்பிளுக்கு முழு ஆட்டோமேட்டிக் கேஜ் வேண்டுமா, அளவு சரியா தவறா என்று மட்டும் காட்டும், கையில் பிடிக்கிற கோ, நோ-கோ கேஜ் வைத்து ஆரம்பித்துவிட்டு மற்றது பின்னால் வரட்டுமா? ரோபோ லோடிங் முதல் நாளிலேயே தேவையா? இதே நான்கு மாதத்தில் உங்கள் பிரிவு அனுப்பும் வாராந்திர ரிப்போர்ட்டுகள், ஓடிக்கொண்டிருக்கிற செலவுக்குறைப்புத் திட்டம், ஃபைவ் எஸ் (பணியிட ஒழுங்கு) போட்டி, இவற்றில் எதை நிறுத்தப் போகிறீர்கள்? இதை நீங்கள் நிர்வாகத்திடம் போய்ப் பேசி, நான்கைந்தையாவது எழுத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வந்து குழு முன்னால் சொல்லுங்கள். என் அனுபவத்தில் ஆட்களின் முகம் மாறுவது அந்த நேரத்தில்தான். தங்கள் மேல் சுமையை ஏற்றியவர் தன் பங்குக்கு எதையாவது இறக்கியும் வைத்தார் என்று பார்க்கிறார்கள். நீங்கள் எதையும் இறக்காமல் வந்தால் எத்தனை அழகாகப் பேசினாலும் "இவரும் தபால்காரர்தான்" என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம் வழி. திட்டத்தை நீங்கள் எழுதிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். அவர்களே எழுதட்டும், கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி. பெரிய வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி, கஸ்டமர் ஒப்புதல், சாம்பிள் அனுப்புதல், ட்ரையல், ஃபிக்சர் வருகை, டிராயிங் முடிவு என்று பின்னாலிருந்து முன்னால் வரச் சொல்லுங்கள். டூல் ரூம், பர்ச்சேஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் எல்லாரும் அறையில் இருக்க வேண்டும். நான் இருந்த ஒரு இடத்தில் இப்படி உட்கார்ந்தபோது, டூல் ரூமில் தலைமுடி நரைத்த ஒருவர், வாயே திறக்காதவர், கடைசியில் ஒன்று சொன்னார்: "சார், ஃபிக்சர் பார்ட்டு மெஷின்ல ஓடுறது ஆறு மணி நேரம். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளிய போற வண்டி செவ்வாயும் வெள்ளியும்தான். புதன்கிழமை முடிச்சோம்னா ரெண்டு நாள் ட்ரேயிலயே கிடக்கும். போய்ட்டு வந்தா இன்வேர்ட் என்ட்ரிக்கு ஒரு நாள், இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு நாள்." அறையில் இருந்த மேனேஜர்களில் ஒருவருக்கும் அது அதுவரை தெரியாது. அந்தக் கூட்டத்தில் எழுதிய தாளில் சிவப்பு மையில் காத்திருப்பு நேரத்தை மட்டும் குறித்துப் பார்த்தோம், தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது. தனி வண்டி ஒன்றும், கேட் பாஸில் கையெழுத்துப் போட இரண்டாவது ஆளும் ஏற்பாடு செய்ததில் வாரக்கணக்கில் மிச்சமானது, யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை. எட்டு மாதம் ஆகிற வேலையில் கை படுகிற நேரம் எவ்வளவு, கிடக்கிற நேரம் எவ்வளவு என்று பார்த்தவுடனேயே "முடியாது" என்ற பேச்சு "இதைச் சரிபண்ணினா முடியலாம்" என்று திரும்பிவிடும். லேத்தம் குழுவினர் பின்னால் செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: ஆட்களைச் சேர்த்துக்கொள்வதன் பெரிய லாபம் அவர்கள் மனம் குளிர்வதில் இல்லை, வேலையை எப்படிச் செய்வது என்ற வழி வெளியே வருவதில்.

ஆனால் அவர்கள் எழுதும் நாள் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள், நல்லெண்ணத்தோடு எழுதினாலும் குறைத்துத்தான் எழுதுவார்கள். ரோஜர் புயலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான கணக்கைவிட நிஜம் மோசம். நம் ஆட்களும் நாமும் இதற்கு விலக்கு இல்லை. அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். "எத்தனை நாள் ஆகும்" என்று கேட்பதோடு "போன மூன்று பாகத்துக்கு இந்த வேலை எத்தனை நாள் ஆச்சு" என்று பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, உளவியலாளர் கேரி கிளைன் சொல்லிக்கொடுத்த வழி: நான்கு மாதம் முடிந்துவிட்டது, நாம் தோற்றுவிட்டோம் என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றோம் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். "என்ன ஆபத்து இருக்கு" என்று கேட்டால் மௌனமாக இருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு நிறைய எழுதுவார்கள், குறை சொன்ன ஆள் என்ற பெயர் வராது என்பதால். இந்தச் சீட்டுகளில் வருகிற முதல் ஐந்தாறு விஷயங்களுக்குத்தான் உங்கள் கையிருப்பு நாட்களை ஒதுக்க வேண்டும். மங்கள்யானே அக்டோபர் 28இல் கிளம்பியிருக்க வேண்டியது. பசிபிக்கில் ராக்கெட்டைக் கண்காணிக்கப் போன கப்பல் வானிலையால் தாமதமாக, நவம்பர் 5க்குத் தள்ளினார்கள். ஜன்னலின் முதல் நாளைக் குறிவைத்திருந்ததால் தள்ள இடம் இருந்தது. கடைசி நாளைக் குறிவைத்திருந்தால்?

பாம்பன் பாலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பாதியாக்கிய கெடுவுக்கு அதைவிடப் பொருத்தமான கதை நம் ஊரில் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது, பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது, பாம்பன் ரயில் பாலத்தின் 126 கர்டர்களை (தூண்களுக்கு மேல் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) கடலில் தள்ளியது. நடுவில் கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், பொறுப்பு முப்பத்திரண்டு வயது ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. 46 நாளில் பாலம் மீண்டும் நின்றது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடலில் கிடந்த கர்டர்கள். வேறெங்கிருந்தோ புதுக் கர்டர் வரும் என்று காத்திருக்காமல், மூழ்கிக் கிடந்தவை எங்கே என்று மீனவர்கள் மூலம் தெரிந்துகொண்டு அவற்றையே தூக்கி மாட்டினார்கள். கெடுவைக் குறைத்ததால் மட்டும் வேலை வேகமாகிவிடவில்லை, குறைந்த கெடுவுக்குள் அடங்குகிற ஒரு வழி கண்ணில் பட்டதால் வேகமானது. 126 கர்டர், 46 நாள் என்றால் சராசரியாக நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று. முதல் கர்டரைத் தூக்குவதற்கு முன்னால் யாரிடமாவது இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? தூக்கி மாட்டிக் காட்டிய பிறகு நம்ப வேண்டிய அவசியமே இல்லை, எண்ணினால் போதும்.

அதனால் உங்கள் "முதல் கர்டர்" எது என்று கண்டுபிடியுங்கள். முதல் மூன்று வாரத்துக்குள் முடிகிற, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய, வழக்கத்தைவிடப் பாதி நாளில் முடித்த ஒரு வேலை. முதல் ஆபரேஷனுக்கு ஒரு தற்காலிக ஃபிக்சரில் பத்துப் பீஸ் ஓட்டி அளந்து மேஜையில் வைப்பது போதும். அதுவரை குழுவிடம் நம்பிக்கையைக் கேட்காதீர்கள், மூன்று வாரத்தை மட்டும் கேளுங்கள். "நாலு மாசத்துல முடியுமான்னு இப்ப யாரும் சொல்ல வேண்டாம், பத்துப் பீஸை இருபதாம் தேதிக்குள்ள பார்த்துடுவோம்" என்றால் அதற்கு எதிர்ப்பு வராது. ஒரு எச்சரிக்கை, கெடுவைப் பாதியாக்கி ஜெயித்த கதைகளைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பாதியாக்கித் தோற்றவை யார் வாயிலும் வருவதில்லை. பாம்பனை உங்கள் நிர்வாகம் உதாரணம் காட்டினால், வழி என்ன என்று கேளுங்கள்.

ஓவர்டைம் பற்றி. முதல் நாளிலிருந்தே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று ஆரம்பித்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் பென்கவெல், முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் பதிவுகளை எடுத்து 2014இல் அலசினார். வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்தைத் தொடும் வரை உற்பத்தி நேரத்தோடு ஏறுகிறது, அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைப்பது சரிகிறது, 70 மணி நேரத்தில் வந்த உற்பத்தி 56 மணி நேரத்தில் வந்ததோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். நூறு வருடத்துக்கு முந்தைய கைவேலை அது, சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) ஓட்டுபவருக்கு அதே எண்கள் பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் திசை அதுதான். களைத்த ஆள் ஆஃப்செட்டில் (மெஷினுக்குக் கொடுக்கும் டூல் அளவுத் திருத்தம்) ஒரு எண்ணை மாற்றிப் போட்டு ஃபிக்சரையே இடித்துவிட்டால் வாரம் போச்சு. ஓ.டி.யைக் கடைசி ஐந்தாறு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஞாயிறு விடுமுறையைத் தொடாதீர்கள். ஆட்களைக் கூட்டுவதும் ஆரம்பத்தில்தான் பலன் தரும். மூன்றாவது மாதத்தில் ஐந்து புதுப் பேரைக் கொண்டுவந்து விட்டால், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே உங்கள் நல்ல ஆட்களின் நேரம் போகும்.

பழி விஷயத்துக்கு வருகிறேன். அவசரத்தில் ஓடுகிற வேலையில் மிக விலை உயர்ந்த பொருள் கெட்ட செய்தி, அதுவும் சீக்கிரம் வருகிற கெட்ட செய்தி. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்புவதற்கு முந்தின இரவு, அதைத் தூக்கும் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் இந்தக் குளிரில் ஏவ வேண்டாம், ரப்பர் வளையம் சரியாக அடைக்காது என்று சொன்னார்கள். ஏற்கனவே பலமுறை தள்ளிப்போன ஏவல் அது. அவர்களுடைய சொந்த நிர்வாகமே பேச்சை மாற்றி ஏவலாம் என்று எழுதிக்கொடுத்தது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் ஓடம் சிதறியது, ஏழு உயிர் போனது. நம்முடைய பாகம் ஸ்டியரிங்கிலோ பிரேக்கிலோ போய் உட்காருகிறது என்றால் இதைத் தூரத்துக் கதையாக நினைக்கக் கூடாது. கெடு நெருங்கும்போது அளவு ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத் திருத்திவிடும் ஆசை எந்த ஷாப்பிலும் வரும். நல்ல ஆட்களுக்கும் வரும். முதல் வாரத்திலேயே, சத்தமாக, "தேதி தவறினால் நான் போய்ப் பதில் சொல்கிறேன், அளவை மாற்றி எழுதினால் நானே உங்களைக் காப்பாற்றமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். தினமும் காலையில் போர்டு முன்னால் பத்து நிமிடம், நின்றபடியே. நேற்று என்ன முடிந்தது, இன்று எது இடிக்கிறது, யார் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுதான் பேச்சு. யாராவது முதல் முறை போர்டில் தன் வேலை தடைபட்டிருக்கிறது என்று சிவப்புக் குறி வைக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பதினான்கு பேரும் பார்ப்பார்கள். "ஏன் நேத்தே சொல்லல" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த மூன்று மாதமும் போர்டு பச்சையாகவே இருக்கும், வேலை மட்டும் நகராது. "நல்ல வேளை இன்னைக்கே சொன்னீங்க, என்ன வேணும்" என்று கேட்டு, அன்று மாலைக்குள் அந்தத் தடையை நீக்கிக் காட்டுங்கள்.

எனக்கு உறுதி இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். போனஸ் அறிவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மொத்தக் குழுவுக்கும் சமமாக, ஒப்புதல் கிடைத்த பிறகு, ரிஜெக்ஷன் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுத்த இடங்களில் நல்லபடியாக நடந்து பார்த்திருக்கிறேன். தேதிக்கு மட்டும் போனஸ் வைத்த இடத்தில் தரம் அடிவாங்கியதையும் பார்த்திருக்கிறேன். இதை வைத்துப் பொது விதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எல்லோரிடமும் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்குவது சில இடங்களில் நடக்கிறது. பிடித்துப்போய்ப் போட்ட கையெழுத்துக்குப் பலம் உண்டு, சபையில் கூச்சத்துக்காகப் போட்டதற்கு இருக்காது, இரண்டையும் தாளில் பிரித்துப் பார்க்கவும் முடியாது. நான் வாங்கமாட்டேன். தலையாட்டிவிட்டுப் போன மற்றவர்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம், சீனியர்கள் இரண்டு பேரும் பத்துப் பீஸை ஓட்டிக் காட்டினால் அவர்களில் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். ஓரிருவர் கடைசிவரை வரமாட்டார்கள். அவர்களுக்குக் கெடுவின் பாதையில் இல்லாத வேலையைக் கொடுங்கள், மரியாதை குறையாமல்.

பின்னோக்கித் திட்டம் எழுதி, வேலையின் அளவையும் குறைத்த பிறகும் ஐந்து மாதத்துக்குக் கீழே வரவில்லை என்றால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள், முதல் மாதத்துக்குள். கஸ்டமருக்கும் அப்போது சொன்னால் ஆரம்ப மாதங்களுக்கான சின்ன லாட்டைத் தற்காலிக ஃபிக்சரில் ஓட்டிக் கொடுக்கவோ, ஒப்புதலைக் கட்டம் கட்டமாகக் கொடுக்கவோ பேச இடம் இருக்கும். மூன்றரை மாதம் கழித்துச் சொன்னால் இருக்காது. ஒரு விவரம் உங்கள் கேள்வியில் இல்லை: ஃபிக்சரும் கேஜும் உங்கள் டூல் ரூமிலேயே செய்கிறீர்களா, வெளி வெண்டரா? வெளி வெண்டர் என்றால் மேலே சொன்ன சுவர்த்தாள் கூட்டத்தில் அவரும் வந்து உட்கார வேண்டும், உங்கள் ஆர்டருக்கு முன்னால் அவரிடம் வேறு யார் யாருடைய வேலை வரிசையில் நிற்கிறது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சொன்னீர்கள் என்றால் அந்தப் பகுதியைத் தனியாக எழுதுகிறேன்.